அம்மையை விரட்டிய வீடு

இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் குளோஸ்டருக்கும் நடுவே உள்ள சிற்றூர் பார்க்லி. அங்கே தேவாலயத்தை ஒட்டி நிற்கும் பெரிய வீட்டின் பெயர் சான்ட்ரி. பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்ட டாக்டர் எட்வர்ட் ஜென்னர் 1785இல் வாங்கி, குடும்பத்தோடு வாழ்ந்த வீடு. பின்னர் நெடுங்காலம் பாதிரியார் இல்லமாக இருந்தது. 1985இல் அருங்காட்சியகமானது. அதற்குப் பெரும்பணம் கொடுத்தவர் ரியோச்சி சசகாவா என்ற ஜப்பானியர்.

பழைய மேசை, நாற்காலிகளுடன் ஜென்னரின் படிப்பறை அவர் இறந்த 1823ஆம் ஆண்டில் இருந்ததுபோலவே காக்கப்படுகிறது. ஆனால் வரலாறு நடந்தது பளபளப்பான மரச்சாமான்களுக்கு நடுவே மட்டுமல்ல. தோட்டத்து மூலையில் கூரை வேய்ந்த சிறு குடில் இருக்கிறது. ஏழைகளுக்கு ஜென்னர் இலவசமாக அம்மை குத்திய இடம். அதற்கு அவர் வைத்த பெயர் 'வாக்சினியா கோயில்'. அம்மைக்குக் கோயில் கட்டுவது நமக்கென்ன புதிதா!

1796 மே 14 அன்று, மாட்டம்மை கண்ட பால்காரப் பெண் சாரா நெல்ம்ஸின் கைக் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனின் கையில் கீறி ஏற்றினார் ஜென்னர். பையன் அவருடைய தோட்டக்காரரின் மகன். ஜூலை 1 அன்று அதே பையனுக்கு நிஜப் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். நோய் வரவில்லை. வந்திருந்தால்? இன்று எந்த நாட்டிலும் இப்படிச் சோதிக்க அனுமதி கிடைக்காது. ஃபிப்ஸ் வளர்ந்து குடும்பஸ்தன் ஆனதும், வாடகையில்லாமல் குடியிருக்க ஊரிலேயே ஒரு வீடு கொடுத்தார் ஜென்னர்.

குளிர்பெட்டி இல்லாத காலம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு என்று பாக்தாத், பாஸ்ரா வழியாக மருந்து பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று அங்கே மூன்று வயதுக் குழந்தை அன்னா டஸ்ட்ஹாலுக்கு அம்மை குத்தினார்கள். அந்தப் பிஞ்சுக் கையிலிருந்துதான் இந்தியாவின் மற்ற ஊர்களுக்கும் மருந்து பரவியது. கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் வசூலித்த பணம் நன்றிக் காணிக்கையாக ஜென்னருக்குப் போனது. சொந்த நாட்டில் அவரைக் கேலிச்சித்திரம் போட்டுச் சிரித்தவர்களும் இருந்தார்கள்.

உலகிலிருந்து பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவித்தார்கள். நாற்பது வருடம் கழித்து, 2020இல், கொரோனாவால் சான்ட்ரியின் கதவுகளும் மூடின. நுழைவுக் கட்டணம் நின்றுபோய், அருங்காட்சியகம் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டது. தடுப்பூசி பிறந்த வீடே இன்னொரு தடுப்பூசிக்காகக் காத்திருந்தது.