பினாங்கு முதல் மலாக்கா வரை பசியாறும் வழி

மலேசியத் தமிழர் இல்லத்திற்குக் காலை வேளையில் செல்வோரை வரவேற்கும் முதற்சொல் 'பசியாறிவிட்டீர்களா?' என்பதாகும். தமிழகத்தில் பலகாரம் என்றும் டிபன் என்றும் வழங்குவதை அங்குள்ள தமிழர் 'பசியாறல்' என்றே அழைக்கின்றனர். கடல் கடந்து சென்ற பாட்டன் பாட்டியரின் பேச்சில் இருந்த சொல் இன்றும் அங்கே தேயாமல் வழங்கி வருகிறது.

பத்துமலை, பினாங்கு தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை ஆகிய முருகன் தலங்களைத் தரிசிக்கப் புறப்படும் குடும்பங்கள் பலவற்றுக்கு, விமானச் சீட்டும் விடுதியும் உறுதியான பின்னும் ஒரு கவலை மீதமிருக்கிறது. அந்நிய நாட்டில் சைவ உணவு கிடைக்குமா என்பதே அது. வீட்டுப் பெரியவர்கள் விரதம் இருப்பவர்களாயின் கவலை இரட்டிப்பாகும். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பெட்டியில் ஏறுகின்றன; பிள்ளைகள் ஏங்கிப் பார்க்கும் கடைகளை எல்லாம் குடும்பம் கண்ணை மூடிக் கடந்து செல்கிறது.

எச்சரிக்கை வேண்டியதே. ஆனால், அந்நாட்டு உணவின் வரலாற்றையும் செய்முறையையும் சிறிது அறிந்து செல்வோருக்கு அச்சம் பெரிதும் நீங்கும். மலாய் மொழியில் கடைக்குப் பெயரே 'கெடாய்' என்பதுதான். அது 'கடை' என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றது. அப்பம் அங்கே 'ஆப்பம்' ஆகவும், புட்டு 'புத்து' ஆகவும், மாம்பழம் 'மெம்பெலாம்' ஆகவும் வழங்குகின்றன.

தோளில் சுமந்த சோறு

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து 2008-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம். அங்குள்ள குவீன் வீதியில் 1833-இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றி 'லிட்டில் இந்தியா' பகுதி அமைந்துள்ளது. கோயில் வாசலிலிருந்து சில நிமிட நடையில் சைவ உணவகங்கள் உள்ளன. இட்லி, தோசை, பொங்கல், வடை ஆகியவை தமிழகத்துச் சுவையோடே கிடைப்பதால், பெரியவர்களின் காலைப் பசியாறலுக்கு இங்குத் தட்டுப்பாடில்லை.

இந்த ஊரின் புகழ்பெற்ற உணவு 'நாசி கண்டார்'. 'நாசி' என்றால் சோறு; 'கண்டார்' என்பது தோளில் தண்டு வைத்துச் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல். தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள், ஒரு தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களைத் தேடிச் சென்று விற்றனர். காவடியைப் போன்ற அந்தச் சுமை, பிற்காலத்தில் கடையாக நிலைகொண்டது. 1907-இல் தொடங்கிய கடையொன்று காம்பெல் வீதியில் இன்றும் நடைபெறுகிறது. பல குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவதே இதன் இலக்கணம். வெண்டைக்காயும் முட்டைக்கோசும் அங்கே இருந்தாலும் கரண்டி ஒன்றே எல்லாவற்றிலும் புழங்கும். ஆதலால் சைவ அன்பர்கள் இதன் வரலாற்றை மட்டும் அறிந்து கடந்து செல்வது நலம். புளிச்சாறும் மீனும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் 'ஆசாம் லக்சா'வும் அத்தகையதே.

ஆனால், அதே நகரத்துச் 'செண்டோல்' எவரும் உண்ணத் தக்கது. அரிசி மாவைப் பாண்டான் இலைச் சாற்றில் கலந்து, சேவை போலப் பிழிந்தெடுத்த பச்சை நிறத் துண்டுகள். அவற்றின் மேல் சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், வேகவைத்த சிவப்பு அவரை, தென்னஞ்சர்க்கரைப் பாகு. இலங்கைத் தமிழர் 'ரம்பை' என்று வழங்கும் இலையே பாண்டான். உச்சி வெயிலில் தண்ணீர்மலைப் படிகளை ஏறி இறங்கி வந்தவர்களுக்கு இதைவிட இதமான பானம் அரிது.

சீனக் கடையில் சாத்விக உணவு

சீன உணவகம் என்றவுடன் விலகி நடப்பது பலரின் வழக்கம். மலேசியாவில் இந்த வழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். பௌத்த நெறியைப் பின்பற்றும் சீனர் பலர், சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் உண்பதில்லை. அவர்களுக்கென்றே முழுச் சைவ உணவகங்கள் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உள்ளன. பௌத்த முறைப்படி நடக்கும் கடைகளில் வெங்காயம், பூண்டு ஆகியவையும் விலக்கப்படுகின்றன. ஏகாதசியிலும் சஷ்டியிலும் இவற்றைத் தவிர்க்கும் குடும்பங்களுக்கு, இந்திய உணவகத்தில் கூடக் கிடைக்காத வசதி இது.

சந்திர மாதக் கணக்கில் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள்கள், சீனர் 'ஒன்பது பேரரசத் தெய்வங்கள்' திருவிழாவைக் கொண்டாடுகின்றனர். அந்த நாள்களில் பக்தர்கள் வெள்ளாடை அணிந்து சைவ உணவு மட்டுமே கொள்வர். சைவம் விற்கும் தள்ளுவண்டிகளில் மஞ்சள் கொடி பறக்கும். பல ஆண்டுகளில் இவ்விழாவும் நவராத்திரியும் ஒரே சமயத்தில் வருகின்றன. ஒரே வீதியில் ஒரு வாசலில் கொலுவும் மறு வாசலில் மஞ்சள் கொடியும் காணக்கூடிய அந்தக் காலம், சைவ உணவைப் பொறுத்தவரை பயணத்துக்கு மிக ஏற்ற காலமாகும்.

ஒரு குறிப்பு மட்டும் தேவை. இக்கடைகளில் கோழி, மீன் வடிவில் வைக்கப்பட்டிருப்பவை சோயாவிலும் கோதுமைப் பசையிலும் காளானிலும் செய்யப்பட்டவை. தோற்றத்தைக் கண்டு பெரியவர்கள் முகம் சுளித்தால், காய்கறி, காளான், தாவ்பூ வகைகளைக் கேட்டு வாங்கலாம்.

மாமா கடை

'மாமாக்' கடை என்பது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகம். 'மாமா' என்ற உறவுச் சொல்லே அப்பெயரின் மூலம். பல கடைகள் இரவு முழுவதும் திறந்திருக்கும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் ஒரே மேசையில் அமரும் இடமும் அதுவே.

இங்கே நாயகம் வகிப்பது 'ரொட்டி சானாய்'. பிசைந்த மாவை எண்ணெயில் ஊறவைத்து, காற்றில் வீசி மெல்லியதாக்கி, மடித்துச் சுடுவர். 'சானாய்' என்பது சென்னையைக் குறிக்கும் என்பாரும், மாவைத் தேய்த்து மெல்லியதாக்குதலைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்பாரும் உளர். அதனுடன் வரும் 'தே தாரிக்' என்பதன் பொருள் 'இழுத்த தேநீர்'. தமிழகத்துத் தேநீர்க் கடையில் ஆற்றுவதைப் போலவே இரு குவளைகளுக்கிடையே உயர்த்தி ஊற்றுவதால் வந்த பெயர். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றைக் கொண்ட மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை, 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சைவ அன்பர்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடமும் இதுவே. ரொட்டி மாவில் முட்டை சேர்க்கும் கடைகள் உண்டு. பருப்புக் குழம்பின் மேல் கேளாமலே மீன் குழம்பு ஊற்றப்படுவதும் உண்டு. தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோறு சைவமே. உடன் வரும் சம்பாலிலோ 'இக்கான் பிலிஸ்' என்னும் நெத்திலிக் கருவாடும், 'பெலாச்சான்' என்னும் இறால் விழுதும் கலந்திருக்கும். ரொட்டியில் தடவித் தரும் 'காயா' என்ற இனிப்புக் கூழ் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்தது.

எனவே நான்கு மலாய்ச் சொற்களை மனத்தில் வைத்துக்கொள்வது பயன் தரும். 'இக்கான்' மீன், 'உடாங்' இறால், 'டாகிங்' இறைச்சி, 'தெலூர்' முட்டை. உண்டா என்று கேட்க 'அடா?' என்றால் போதும். தமிழில் கேட்டாலே பல கடைகளில் மறுமொழி கிடைக்கும். கேட்பதை அங்கே எவரும் குறையாகக் கொள்வதில்லை. பன்றியிறைச்சியை விலக்கும் மலாய்க்காரர், மாட்டிறைச்சியை விலக்கும் இந்துக்கள், விரத நாளில் புலாலை விலக்கும் சீனர் என மூவரும் வாழும் நாட்டில், உணவைப் பற்றி விசாரிப்பது அன்றாட நாகரிகம்.

ஈயத்து ஊரில் கடலை மணம்

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த நகரம் ஈப்போ. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். அவற்றுள் ஒன்றன் அடியில் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் கொண்டுள்ளார். இவ்வூரின் 'வெள்ளைக் காப்பி', பாலின் வெண்மையால் பெயர் பெற்றதன்று. சர்க்கரை சேர்க்காமல், செம்பனை எண்ணெயில் செய்த மார்கரினில் கொட்டையை இளநிறமாக வறுப்பதே காரணம். கெட்டிப்பால் கலந்து பரிமாறுவர். சோயாப்பாலை உறையவைத்து, சர்க்கரைப் பாகு ஊற்றித் தரும் 'தாவ்பூ பா' இனிப்பும் சைவமே. அருகிலுள்ள தம்புன் பகுதியின் பம்ளிமாசுப் பழம் வழிப்பயணத்துக்கு உகந்தது.

தமிழர் தவறாமல் காண வேண்டிய இடம் புந்தோங். தென் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, வறுத்த கடலை ஆகியவற்றைச் செய்து, சைக்கிளிலும் தலைச்சுமையாகவும் கொண்டு விற்றனர். 'காச்சாங் பூத்தே' என்ற பெயரில் அப்பலகாரம் நாடு முழுவதும் பரவியது. தீபாவளிக்கு மட்டுமன்றி, நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் மலேசிய வீடுகளில் முறுக்கு வைக்கப்படுகிறது. பிழைக்கச் சென்ற குடும்பங்களின் அடுப்பங்கரைப் பண்டம், ஒரு நாட்டின் பண்டிகைப் பண்டமாகிவிட்டது.

இலை விரிக்கும் கோலாலம்பூர்

பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்கிய குடும்பத்துக்கு, அடிவாரத்திலேயே சைவ உணவகங்கள் காத்திருக்கின்றன. நகருக்குள் வந்தால் பிரிக்பீல்ட்ஸ். இரயில்வே பணிக்கு வந்த தமிழரும் இலங்கைத் தமிழரும் குடியேறிய இப்பகுதி, 2010-இல் 'லிட்டில் இந்தியா' என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. இங்கும், கிள்ளான் நகரின் தெங்கு கிளானா வீதியிலும் 'வாழை இலை உணவு' சிறப்புடையது. சோறு, காய்கறிகள், சாம்பார், ரசம், அப்பளம், மோர் மிளகாய் என மதிய வேளையில் இலை நிறையும். மலாய்க்காரரும் சீனரும் கையால் பிசைந்து உண்டு, முடிவில் இலையைத் தம் பக்கமாக மடித்துத் திருப்தியைத் தெரிவிப்பதை அங்கே காணலாம்.

இந்த இலைக்குப் பின்னால் உழைப்பின் துயரம் உண்டு. ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் ஆயிரமாயிரம் தமிழர் சென்றனர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது நீடித்தது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகியும் மறைந்தபோது, தோட்டப்புற மக்கள் நகரங்களை நாடினர். கைத்தொழில் வேறில்லாத பலருக்குச் சமையலே வாழ்வளித்தது. ஓரத்துக் கடையில் இடியாப்பத்தைப் 'புத்து மாயாம்' என்ற பெயரில் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையுமாக விற்கும் அம்மையாரிடம் வாங்கும்போது, பேரம் பேசாதிருப்பது பண்பு.

இத்தொழிலைத் தொடர இளையோர் முன்வருவது குறைந்துள்ளது. உள்ளூர்ச் சுவை மாறிவிடும் என்று அஞ்சிய பினாங்கு மாநில அரசு, வீதிக் கடைகளில் உள்ளூர் உணவுகளை வெளிநாட்டார் முதன்மைச் சமையலராக இருந்து சமைப்பதை 2016 முதல் தடை செய்தது. சுவை என்பது கைமாறித் தரப்பட வேண்டிய ஒன்று. வாங்கிக்கொள்ளும் கை இல்லையெனில் அது ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும்.

மலாக்காவில் முன்னோர்க்கு இட்ட இலை

பயணத்தின் நிறைவு மலாக்கா. தென்னஞ்சாற்றைக் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றி உறையவைக்கும் 'கூலா மலாக்கா', நிறத்திலும் மணத்திலும் நம் கருப்பட்டிக்கு உறவு. அதைப் பசையரிசி மாவு உருண்டையினுள் வைத்து வேகவைத்து, தேங்காய்த் துருவலில் புரட்டினால் 'புவா மலாக்கா'. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையை நினைவூட்டாமல் இராது.

பிள்ளையாரும் அங்கே இருக்கிறார். துக்காங் இமாஸ் வீதியில், 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் மலேசியாவின் பழைமையான இந்துக் கோயில்களுள் ஒன்று. அதே தெரு வரிசையில் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் உள்ளன. விநாயகர் ஆலயத்தை எழுப்பியவர்கள் 'மலாக்கா செட்டிகள்'. சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள். பல தலைமுறைகளுக்கு முன்பே தாய்மொழி மலாயாக மாறிவிட்டது. உடையும் மலாய் உடையே. சமையலில் பாண்டான் இலையும் இறால் விழுதும் புகுந்துவிட்டன. சமயம் மட்டும் மாறவில்லை.

காஜா பெராங் பகுதியிலுள்ள அவர்களது சிற்றூரில், பொங்கலுக்கு முந்தைய நாளான போகியன்று 'பார்ச்சு' என்னும் படையல் நடைபெறுகிறது. வீட்டில் சமைத்த உணவை வாழையிலையில் பரப்பி, மறைந்த முன்னோரை அழைத்து வணங்குகின்றனர். பழங்கள் மிகும் பருவத்தில் மற்றொரு படையலும் உண்டு. அழைக்கும் மொழி மலாய். இலையில் இருப்பதும் பெரும்பாலும் மலாய் மணம் கலந்த உணவு. ஆயினும் விரித்த இலையும், அதன் முன் கைகூப்பி நிற்கும் முறையும், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய அந்தப் பாட்டனுக்கு உடனே விளங்கும்.

மலாக்கா செல்லும் அன்பர்கள் விநாயகரைத் தரிசித்தபின் அந்தச் சிற்றூரையும் ஒருமுறை கண்டு வரலாம். புளியோதரைப் பொட்டலம் கையில் இருப்பின் தவறில்லை. அதை அங்குள்ளவர்களுடன் பகிர்ந்து உண்டால், பதிலுக்கு ஓர் உருண்டை புவா மலாக்காவேனும் வந்து சேரும்.