நப்ஸும் நெஃபெஷும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கபுறு இல்லை. நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் அங்கே கொடியேற்றப்படுகின்றது. அடங்கியவர் அங்கில்லை என்பது கொடி காண வருவோர்க்குக் குறையாகத் தோன்றுவதில்லை. அவ்வூர் மாணவன் ஒருவனுக்கு மட்டும் அது குறையாகவே தோன்றிற்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல்கொண்ட அவன் உம்மாவுக்கும் கபுறு இல்லை. உடல் கிடைக்கவேயில்லை. அப்பொழுது அவனுக்கு வயது நான்கு.

பல்கலைக்கழகத்து மெய்யியல் விரிவுரையொன்றிலே யூதரின் மறைஞானமாகிய கபாலாவைப் பற்றிக் கேட்டபோது முதலில் அவன் செவிகொடுத்தானல்லன். பலஸ்தீனத் துயரைக் கேட்டு வளர்ந்தவனுக்கு யூதர் என்பது அரசியற் சொல்லாகவே பழகியிருந்தது. எனினும் கரும்பலகையில் எழுதப்பட்ட மூன்று சொற்கள் அவனை நிமிர்ந்திருக்கச் செய்தன: நெஃபெஷ், ரூவஹ், நெஷாமா. முன்னிரண்டும் ஓதற்பள்ளியில் அவன் கேட்டறிந்த நப்ஸு, றூஹு என்பனவே. எபிரேயமும் அரபும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்லவா?

உடலோடு ஒட்டிய உயிராற்றலை நெஃபெஷ் என்றும், அதன்மேல் எழும் உணர்வை ரூவஹ் என்றும், இறைவனை அறியவல்ல மேனிலையை நெஷாமா என்றும் கபாலா ஞானியர் வகுத்தனர். 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினிலே வெளிப்பட்ட ஸோஹர் என்னும் நூல் இம்மரபின் பேரூற்று. சூபி ஞானி இப்னு அறபி 1165 இல் பிறந்ததும் அந்நாட்டிலேயே. இதுகொண்டு இரண்டும் ஒன்றெனத் துணிவது அவசரமாகும். சூபி தன்னை அழித்து இறையில் 'பனா' ஆவதைப் பேசுவான். கபாலாவோ பெரும்பாலும் இறைவனைப் பற்றிநிற்றலோடு அமைந்துவிடுகின்றது.

ஐன் ஸோஃப் எனப்படும் எல்லையற்ற பரம்பொருளிலிருந்து பத்து ஸெஃபிரோத்துக்கள் கிளைக்கின்றன. மேலே கெத்தர் என்னும் முடி. அதன்கீழ் ஞானமும் விளக்கமும். இடையில் அருளும் கண்டிப்பும் எதிரெதிர் நின்று அழகிற் சமனாகின்றன. அடியில் மல்குத் என்னும் ஆட்சி. இறைமையின் படமாக எழுந்த இம்மரத்தை 18 ஆம் நூற்றாண்டு ஹஸிதியர் மனித உள்ளத்தின் படமாகவும் வாசித்தனர். இதுவே கபாலாவின் பெருஞ்சிறப்பு எனலாம்.

அம்மாணவனை வருத்தியது வேறொன்று. மல்குத்துக்கு ஷெகினா என்றும் பெயருண்டு. குர்ஆனில் வரும் ஸகீனத் என்பதன் உறவுச்சொல் அது. மக்கள் நாடிழந்து அலையுங்கால் அவ்விறைப்பிரசன்னமும் அவர்களோடு அலைகின்றது என்பர். 1492 இல் யூதர் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டபின், ஸஃபெத் நகரில் வாழ்ந்த ஐஸக் லூரியா (1534–1572) உடைந்த கலங்களையும் சிதறிய ஒளிப்பொறிகளையும் பற்றிப் போதித்தார். பொறிகளைத் திரட்டுவது மனிதர் கடன்; அவை வீழ்ந்த இடத்துக்கு அடையாளமேதும் இல்லை.

விடுமுறையில் இதனையெல்லாம் அவன் மூத்தம்மாவிடம் சொன்னான். ஷெகினாவும் லூரியாவும் அவரைத் தொடவில்லை. கபுறு இல்லையே என்ற சொல் மட்டும் தொட்டது.

"கபுறு இல்லாட்டி யாஸீன் ஓதக்கூடாதெண்டு ஆரு மனெ சொன்ன? நான் அண்டைக்கிருந்து உங்கும்மாக்கு ஓதிக்கிட்டுத்தானே இரிக்கன்."

அன்று மஃரிபுக்குப் பின் அவனும் உடனிருந்து ஓதினான்.