ஆனைக்குந்திப் பாறைகளிடையே ஒரு காலை

பெங்களூரில் பயிலும் என் தமக்கை மகனுக்குப் பாறை ஏறுவதில் தணியாத ஆர்வம். கயிறு இல்லாமல், கீழே தடித்த மெத்தையை விரித்துக்கொண்டு, இரண்டு மூன்று ஆள் உயரப் பாறைகளில் கைப்பிடி தேடி ஏறும் இவ்விளையாட்டைப் 'போல்டரிங்' என்பர். சென்ற விடுமுறையில் அவனுடன் நானும் புறப்பட்டேன். இரவு ரயிலில் கிளம்பி, விடியலில் ஹொசபேட்டையில் இறங்கி, துங்கபத்திரையின் வடகரையிலுள்ள ஆனைக்குந்தியை அடைந்தோம்.

வாசகர்களே! நெல்வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் மேலே, யாரோ குவித்து வைத்தாற்போல் கருங்கல் உருண்டைகள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய அப்பாறைகள், விரிசல்களின் வழியே மழையும் வெயிலும் அரித்து, நின்ற இடத்திலேயே உருண்டு திரண்டவை. எதிர்க்கரையில், 1565இல் வீழ்ந்த விஜயநகரத்தின் இடிபாடுகள். 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட இடம் அது.

"இதுவரை எவரும் ஏறாத பாறையைத் தூய்மை செய்து முதலில் ஏறுபவர் அதற்குப் பெயர் சூட்டலாம், மாமா" என்றான் மருமகன். அப்படி ஒரு பாறையைத்தான் அவன் தேடி வந்திருந்தான். ஆனால், முதலில் அவன் காட்டியது வேறொரு பாறை. அதில் உள்ளங்கையளவு வெளுத்த தழும்பு. "மூன்றாண்டுகளுக்கு முன் இரும்புக் கம்பித் தூரிகையால் நான் தேய்த்தது" என்றான். அருகிலேயே, விஜயநகரக் கல்தச்சர் பாறையைப் பிளக்க வரிசையாக வெட்டிய ஆப்புக் குழிகள், நேற்று வெட்டியவைபோல் நின்றன. கல்லில் பட்ட காயம் ஆறுவதில்லை.

அன்று அவன் வேலை செய்த முறை வேறு. நிலத்துக்கு உரியவரிடம் முந்தைய நாளே இசைவு பெற்றிருந்தான். தொல்லியல் துறையின் காவலிலுள்ள சின்னங்களை நெருங்கவே இல்லை. பாறையைச் சுற்றி வந்து தேனடை, பறவைக்கூடு, பல்லியின் பொந்து உண்டா என்று பார்த்தான். பின் விரல் முட்டியால் தட்டினான். பொத்தென்று ஒலித்த இடம் பெயரும் செதில். கீழே எவரும் இல்லையென உறுதி செய்தபின், தானே கழன்று விழக்கூடிய செதிலை மட்டும் கையால் எடுத்தான். உளியும் இல்லை, பசையும் இல்லை. மென்மையான நைலான் தூரிகையால் கைப்பிடிகளையும் கால் வைக்கும் இடங்களையும் மட்டும் துடைத்தான். இறங்குமிடத்து முட்புதரை வெட்டவில்லை. மெத்தையைச் சற்று நகர்த்திக்கொண்டான்.

பாறையின்மேல் சாம்பலும் மஞ்சளுமாய்ப் படர்ந்திருந்ததை அழுக்கென்றே நான் எண்ணினேன். அது உயிருள்ளது, நம் வீட்டு பிரியாணியில் மணக்கும் கல்பாசியின் இனத்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத வகைகளும் அதில் உண்டு. நாம் ஒரு நிமிடத்தில் சுரண்டுவது, நம் பாட்டனாரின் காலத்தில் முளைத்ததாக இருக்கலாம்.

நண்பகலுக்குள் அவன் விரும்பிய பாறையே கிடைத்தது. அழகிய சரிவு, எவரும் தொடாத முகம். தூரிகையை எடுத்தவன் நின்றான். கவிந்த பகுதியின் அடியில் மங்கிய செந்நிறத் தடங்கள். ஆனைக்குந்தியை அடுத்த ஒனகே கிண்டியில், வரலாற்றுக்கு முந்தைய மக்கள் செங்காவியால் மாடுகளையும் மனிதர்களையும் தீட்டிய பாறைகள் உள்ளன. இதுவும் அத்தகைய ஓவியமா, மழைநீர் இறக்கிய இரும்புக் கறையா? எங்களால் துணிய இயலவில்லை. துணிய இயலாததாலேயே அவன் தூரிகையைப் பைக்குள் வைத்துவிட்டான். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. நான் ஆறுதல் கூறவில்லை.

திரும்பும் வழியில், காலையில் ஏறிய பாறையில் தன் கைபட்டுப் படிந்திருந்த மெக்னீசிய வெண்பொடியைத் துடைத்து, வழியில் கிடந்த பிறரது காகிதங்களையும் பொறுக்கிக்கொண்டான்.

"அந்தப் பாறைக்கு என்ன பெயர் வைக்க எண்ணியிருந்தாய்?" என்று ரயிலில் கேட்டேன்.

"அது இருக்கட்டும் மாமா. அதன் முகம் அப்படியே இருக்கிறதே" என்றான்.

மதரஸாவில் அமானிதம் பற்றிப் பாடம் எடுக்கையில், இனி அந்தப் பாறையும் என் நினைவில் வரும்.