எலிக்கு நேர்ந்ததும் எமக்கு நேர்வதும்

“மின்காந்தப் புலத்தினால் எலிகளின் பரம்பரையலகுகளில் மாற்றம்” என்பது போன்ற செய்திகளைக் கண்டு கலங்கும் பெற்றோரை நாம் பலமுறை சந்தித்திருக்கின்றோம். அச்செய்திகள் பெரும்பாலும் பொய்யல்ல. மாற்றம் என்னுஞ் சொல்லைத் தீங்கு என்று வாசித்துவிடுவதிலேதான் இடர்ப்பாடு தொடங்குகின்றது.

உயிர்க்கலம் ஒட்சிசனைப் பயன்படுத்துங்கால் தீங்கு பயக்கும் துணைப்பொருள்கள் சில தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய சுப்பரொட்சைட்டை ஐதரசன் பேரொட்சைட்டாக மாற்றும் நொதியத்தை 1969ஆம் ஆண்டில் மக்கோட், பிரிடோவிச் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விளக்கினர். அந்த ஐதரசன் பேரொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிப்பது கற்றலேசு என்னும் மற்றொரு நொதியம். அம்மருந்தைக் காயத்தில் இட்டவுடன் நுரை பொங்குவது இதன் செயலே. தாக்கம் மிகுந்தால், இந்நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகளைக் கலம் கூடுதலாக இயக்குகின்றது.

ஆய்கூடத்தில் எலிகளைக் கம்பிச் சுருளினுள் வைத்து, செக்கனுக்கு 50 அல்லது 60 முறை அலையும் காந்தப்புலத்திற்கு உட்படுத்துகின்றனர். பின்னர் ஈரலிலும் மூளையிலும் அப்பரம்பரையலகுகளின் தூது ஆர்.என்.ஏ. அளவைக் கணிக்கின்றனர். சில ஆய்வுகளில் அளவு கூடிற்று, சிலவற்றிற் குறைந்தது, வேறு சிலவற்றில் மாறவேயில்லை. கூடினாலுங்கூட, காவலாளர் தொகை பெருகியதைக் கண்டு களவு நடந்தேவிட்டது என்று கூறலாமோ? மேலும், சுருள் சூடேறும், இரையும். கூட்டில் அடைபட்ட எலியோ அஞ்சும். அவ்வச்சமே நொதியங்களை மாற்றவல்லது. ஆதலால், மின்னோட்டமில்லாத சுருளிலும் வேறு எலிகளை வைத்து ஒப்பிட்டனரா என்பதையே நாம் முதலில் தேடுவோம். முடிவுரையை வாசிப்பது அதற்குப் பின்னரே.

அளவும் கவனிக்கத்தக்கது. இவ்வாய்வுகள் பலவற்றில் 100 மைக்கிரோதெசுலாவும் அதற்கு மேலும் செலுத்தப்படுகின்றன. வீட்டறைகளிலோ, மின்கருவிகளுக்கு அண்மையிலன்றி, பொதுவாக ஒன்றுக்குங் குறைவே.

ஆயினும், கவலைக்கு இடமேயில்லை என்று கூற நாம் ஒருப்படோம். 1979இல் டென்வர் நகரச் சிறார்களைப் பற்றிய ஆய்வொன்று இவ்வினாவை எழுப்பிற்று. பின்னர் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரி 0.4 மைக்கிரோதெசுலாவுக்கு மேற்பட்ட புலத்தில் வாழ்ந்த சிறாரிடையே குருதிப் புற்றுநோய் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் 2002இல் இக்காந்தப்புலத்தைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்னும் வகுப்பிலே சேர்த்தது. விலங்காய்வுகள் இதனை உறுதிப்படுத்தவில்லை, காரணமும் துலங்கவில்லை.

இவ்விரண்டையும் வகுப்பிற் கூறியபோது, உயரழுத்த மின்கம்பியின் அருகே வசிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து, “தம்பியின்ரை கட்டிலைப் பின்னறையிலை போடட்டோ, சேர்?” என்று கேட்டாள். சுவர் காந்தப்புலத்தைத் தடுக்காது, தூரமே அதனைக் குறைக்கும், பின்னறை எத்தனை அடி அப்பால் என்று வினவினோம். மறுநாள் அளந்துகொண்டு வந்தாள்.