மேரியின் மலை

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் வண்டிக்காக நிற்கும்போதெல்லாம் எனக்கு எழுத்தாளர் சி.சு. செல்லப்பா நினைவுக்கு வந்துவிடுவார். அவருடைய ஊர் இது. 1959இல், நாற்பத்தாறு வயதில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியவர். பின்னாளில் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். கணவரின் மாற்றலால் சேலத்தில் ஆசிரியை வேலையை விட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்து, பாதியில் நின்ற நாவலோடு உட்கார்ந்திருப்பவள் நான். அவரை நினைத்தால் கொஞ்சம் தெம்பு வரும். ஆனால் இந்தமுறை மலை ஏறியது வேறொருவரைத் தேடி.

பெருமாள்மலையில் பஸ் நின்றபோது பட்டர் ஃப்ரூட் கூடையோடு பெண்கள் ஜன்னலோரம் வந்தார்கள். அதன்பின் குளிர். ஊருக்குள் எல்லோரும் ஏரிக்கும் தூண் பாறைக்கும் பிரிந்துபோக, நான் அப்சர்வேட்டரிக்கு டாக்ஸி பிடித்தேன்.

1870களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதன் விளைவாக 1899இல் இந்த ஆய்வகம் அமைந்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரம். அருங்காட்சியகத்தில் அன்றைய சூரியனின் பிம்பத்தை அப்படியே விழவைத்துக் காட்டினார்கள். 1907இல் இங்கு வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், இங்கிலாந்தில் வேதிப்பொருள் நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஓய்வுநேரத்தில் சொந்தத் தொலைநோக்கியில் சூரியனைப் பார்த்துவந்தவருக்கு, நாற்பது தாண்டிய பிறகுதான் அதுவே தொழிலானது. 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டுபிடித்தார். உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது.

நான் தேடி வந்தது அவர் மனைவி மேரியை.

மணமாவதற்கு முன்பே மேரி இத்தாலியில் அந்நாட்டு மகாகவி தாந்தேயைப் படித்தவர். ஆஸ்திரேலியாவில் இருந்தபோது தென்வான விண்மீன்களை அடையாளம் காண எளிய கையேடு எழுதியவர். 1896இல் நார்வேக்குக் கிரகணம் பார்க்கப் போன குழுவில் ஜானைச் சந்தித்தார். பத்தாண்டு கழித்துத் திருமணம். அடுத்த ஆண்டே கணவரின் வேலைக்காக மோட்டார் சாலைகூட இல்லாத இந்த மலை. இதுவரைக்கும் நம் வீட்டுப் பெண்கள் பலரின் கதைதான். சாமான்களைக் கட்டுவது, புது ஊரில் பால்காரரைத் தேடுவது, தன் வேலையைப் பரணில் போடுவது.

மேரி எதையும் பரணில் போடவில்லை. சூரியனின் விளிம்பில் எழும் தீச்சுவாலைகளைப் பற்றி ஆராய்ந்து தானே கட்டுரை எழுதினார். 1917இல் கணவரோடு சேர்ந்து விரிவான ஆய்வேடும் வெளியிட்டார். இடையில், 1914இல், ‘தாந்தேயும் பண்டைய வானியலாளர்களும்’ என்ற பொருளில் தடித்த நூல் ஒன்று வந்தது. அட்டையில் எம்.ஏ. ஆர் என்று பிறந்த வீட்டுப் பெயர்.

தாந்தேயின் காவியத்தில் ஆன்மாக்கள் தூய்மை பெறும் இடம் தென்கோளத்தில் நிற்கும் ஒரு மலை. அங்கே வந்து சேரும் கவிஞர் கண்ணில் நான்கு விண்மீன்கள் படுகின்றன. அவை தென்சிலுவைதானோ என்பது அறிஞர்களின் நெடுநாள் கேள்வி. நாம் திரிசங்கு என்போமே, அதுதான். இங்கிலாந்திலிருந்து அது தெரியவே தெரியாது. கொடைக்கானலில் சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே தாழ்வாக, தெளிவாகத் தெரியும். தாந்தேயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் இரவில் வெளியே வந்து அந்த நான்கையும் பார்க்காமலா இருந்திருப்பார்? யாருடைய வேலைக்காகவோ வந்த மலை, அவருடைய சொந்த எழுத்துக்கான மலையாகவும் ஆகிவிட்டது. இதை நினைத்து அந்த வளாகத்தின் யூகலிப்டஸ் நிழலில் வெகுநேரம் நின்றிருந்தேன். திண்டுக்கல் எனக்கு எதைக் காட்டும் என்று நான் இதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை. சேலத்தில் விட்டதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். பூட்டுப் பட்டறைகளும் தோல் தொழிற்சாலைகளும் உள்ள ஊர். என் நாவலின் கதாநாயகிக்கு ஒரு தொழில் வேண்டியிருந்தது.

1923இல் எவர்ஷெட் தம்பதியர் இங்கிலாந்து திரும்பினார்கள். மேரி அங்கும் சும்மா இருக்கவில்லை. 1930இல் பிரிட்டிஷ் வானியல் கழகத்தில் வரலாற்றுப் பிரிவு உருவானபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். அப்போது அவருக்கு 63 வயது. பதினான்கு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.