அறுபத்து நான்கு பூஜ்யங்கள்

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நடந்தால் ஷெட்டுகள் கண்ணில் படுவதற்கு முன்பே லேத் சத்தம் காதுக்கு வந்துவிடும். 1964இல் தொடங்கிய பேட்டை. நான் தேடிப் போன இடம் ஒரு டர்னிங் ஷாப்பின் மாடியில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் சத்தம் மாறியது. ஒரே ரேக்கில் 9 சர்வர்கள், அத்தனையின் விசிறிகளும் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன.

வார்ப்படம் செய்யும் ஒரு உதிரிபாக நிறுவனம் வாங்கிய கிளஸ்டர் அது. உருகிய அலுமினியம் அச்சுக்குள் எப்படி ஓடும், எங்கே முதலில் இறுகும், எங்கே ப்ளோ ஹோல் எனும் காற்றுத் துளை விழும் என்பதை உலோகத்தை ஊற்றும் முன்பே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு: வேலையைப் பங்கிட ஒரு ஹெட் நோடு, கணக்குப் போட எட்டு கம்ப்யூட் நோடு. இயந்திரங்களை வாங்குவது சுலபம், பணம் கட்டினால் பெட்டி வந்துவிடும். அவற்றை ஒரே இயந்திரமாக நடக்க வைக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவதுதான் இந்த மாடியின் தொழில். மூன்று பேர் வேலை செய்கிறார்கள். தலைமைப் பொறியாளரை மற்ற இருவரும் "அக்கா" என்றே கூப்பிடுகிறார்கள். ஆவடியிலிருந்து தினமும் ரயிலில் வருபவர்.

"எல்லாரும் லினக்ஸ்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. நான் கடைசியில ஓடப்போற சால்வர்லேர்ந்து ஆரம்பிப்பேன்" என்றார். சால்வர் என்பது கணக்கைப் போடும் மென்பொருள். அதை விற்பவர் எந்தெந்த லினக்ஸ் பதிப்புக்குப் பொறுப்பேற்கிறாரோ அதுதான் முதல் வேலி. அந்த லினக்ஸுக்கு நெட்வொர்க் கார்டின் டிரைவர் உண்டா, பிராசஸ்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் எம்பிஐகளில் எது அந்த டிரைவரோடு ஒத்துப்போகும், அதற்கு எந்த கம்பைலர் என்று மேலிருந்து கீழே இறங்க வேண்டும். தலைகீழாகப் போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறாராம். புத்தம் புதிய லினக்ஸை எல்லா நோடிலும் ஏற்றி முடித்த பிறகு, சால்வர் அதில் நிற்காது என்று தெரிந்து முதலிலிருந்து தொடங்கியவர்கள்.

பலரும் நம்பிய லினக்ஸ் சென்டாஸ். அதன் 8ஆம் பதிப்புக்கான ஆதரவு 2021 டிசம்பரோடும், 7ஆம் பதிப்புக்கானது 2024 ஜூனோடும் முடிந்துபோனது. அதை நம்பியிருந்த கிளஸ்டர்கள் ராக்கி, ஆல்மா என்று இடம் பெயர்ந்தன. அக்கா ராக்கியை எடுத்திருக்கிறார். வேலைகளை வரிசைப்படுத்த ஸ்லர்ம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்தது, திறந்த மூலம், உலகின் மிகப் பெரிய கணினிகள் பலவும் அதைத்தான் ஓட்டுகின்றன. ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு: "நான் இல்லாதப்போ கோளாறு வந்தா, இதைத் தெரிஞ்ச இன்னொரு ஆளு சென்னையில கிடைப்பாங்க."

அன்று என்னைக் கட்டிப்போட்ட காட்சி ஒன்று உண்டு. கூட இருந்த தம்பி ஒரு சிறிய சோதனை நிரலை 64 கோர்களில் ஓடவிட்டார். ஒவ்வொரு பிராசஸும் 'நான் எத்தனையாவது, மொத்தம் எத்தனை பேர்' என்று ஒரு வரி எழுதும். 0 முதல் 63 வரை வர வேண்டும். திரையில் 64 வரிகள் வந்தன. அத்தனையும் ஒன்றே: நான் 0, மொத்தம் 1.

நிரலை கம்பைல் செய்தது ஓபன் எம்பிஐயால். ஓட்டிவிட்டது இன்டெல் எம்பிஐயின் கட்டளையால். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. அதனால் 64 பிராசஸும் தனித்தனித் தீவாகி, உலகத்திலேயே தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டன. பிழைச் செய்தி என்று ஒரு எழுத்து வரவில்லை. வாடிக்கையாளர் சொந்தமாக எழுதிய நிரலாக இருந்திருந்தால், ஒரே கணக்கை 64 முறை போட்டுவிட்டுச் சரியான விடையைக் காட்டியிருக்கும். 'கிளஸ்டர் ஸ்லோ' என்ற புகார் மட்டும் மாசக்கணக்கில் ஓடியிருக்கும். அக்கா மாட்யூல் கோப்பைத் திறந்து, ஒரு எம்பிஐயை லோடு செய்தால் இன்னொன்று தானாக விலகும்படி இரண்டு வரி சேர்த்தார். மறுபடி ஓட்டியதும் 0, 17, 4, 63 என்று எண்கள் கலைந்து கலைந்து வந்தன. "கலைஞ்சுதான் வரணும். வரிசையா வந்தாதான் யோசிக்கணும்" என்றார் தம்பி.

இந்தத் தொழிலுக்குச் சென்னையில் முன்னோடி உண்டு. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் இமயச் சிகரம் ஒன்றின் பெயரால் 'கப்ரு' என்ற லினக்ஸ் கிளஸ்டர் எழுந்தது. இரட்டை ஜியான் பிராசசர் கொண்ட 144 கணினிகள். 2004 ஜூனில் உலகின் முதல் 500 கணினிகள் பட்டியலில் அது இடம் பிடித்தது. 2015இல் 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் வந்தது. நமது செய்திகளில் இவற்றின் வேகம் எண்ணாக வரும். அந்த எண்ணை எட்டவைத்த பொருத்துநர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்த வருத்தம்தான் என்னை இந்த மாடிப்படி ஏற வைத்தது.

சாயங்காலம் மதர்போர்டு மாற்றி வந்த ஆறாவது நோடு கிளஸ்டரில் சேர மறுத்தது. கேபிளைப் பார்த்தார்கள், ஃபயர்வாலைப் பார்த்தார்கள். அரை மணி நேரம் கழித்து அக்கா அந்த நோடில் 'டேட்' என்று தட்டினார். கடிகாரம் 7 நிமிடம் பின்தங்கியிருந்தது. நோடுகளுக்கிடையே அடையாளச் சீட்டு கொடுப்பது மஞ்ச் என்ற நிரல். அதன் சீட்டு சாதாரணமாக 5 நிமிடம்தான் செல்லும். ஆறாவது நோடு எழுதிய ஒவ்வொரு சீட்டும் ஹெட் நோடின் கையில் சேரும்போதே காலாவதி. நேரத்தைச் சரிசெய்யும் குரோனி அந்த நோடில் மட்டும் இயக்கப்படாமல் கிடந்தது.

இயக்கினார்கள். பட்டியலில் 'டவுன்' மறைந்து 'ஐடில்' வந்தது. அக்கா நீல அட்டை நோட்டை எடுத்து அன்றைய தேதியைப் போட்டு, குரோனி, எம்பிஐ, டிரைவர் என்று பதிப்பு எண்களை ஒவ்வொன்றாக எழுதினார். கம்ப்யூட்டரிலும் பதிவு இருக்கிறதே என்றேன். "கம்ப்யூட்டரே எழுந்திருக்கலைன்னா எதைப் பாக்கறது?" என்றார்.

"அக்கா, இப்பவே கஸ்டமருக்குப் போன் பண்ணிச் சொல்லிடவா?"

"வேணாம்பா. எட்டு நோடும் ராத்திரி முழுக்க லின்பாக் டெஸ்ட் ஓடட்டும். காலையில சூடு எவ்வளவுன்னு பாத்துட்டுச் சொல்லலாம்."

கீழே லேத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். மாடியில் எட்டு நோடின் விசிறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு ஏறின. நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம்.