நாலரைக் கட்டை

பங்குனி பிறந்துவிட்டால் ஆடி முடிகிற வரை செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதியம்மன் கோயில் எதிரே விடிய விடியக் கூத்து நடந்துகொண்டிருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. இந்த வட்டாரத்துத் திரௌபதி வழிபாட்டை அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1988லும் 1991லும் இரண்டு தடித்த தொகுதிகளாக எழுதினார். கண்ணால் பார்த்ததை எழுதிவைக்க வெளியிலிருந்து ஆள் வந்தார்கள். காதால் கேட்டதைப் பத்திரப்படுத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். வெளிநாடு போய்த் திரும்பியவர் வீட்டு டேப்ரிக்கார்டரை இரவல் வாங்கி, மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்து, முக்கால் மணிக்கு ஒருமுறை கேசட்டைத் திருப்பிப் போட்டு, தூங்காமல் பதிந்தார்கள்.

"அந்தக் கேசட்டெல்லாம் பூசணம் புடிச்சுக் குப்பைக்குப் போயிட்டிருக்கு. இங்க ஒருத்தர் மட்டும் வாங்கி வாங்கிக் கம்ப்யூட்டர்ல ஏத்தறார். நீ வந்து பக்கத்துல உக்காந்து பாரு" என்று திண்டிவனத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் நண்பர் சொன்னார். அவர்தான் அழைத்துப் போனார்.

செஞ்சி சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறை. சுவரில் முட்டை அட்டைகள் ஒட்டியிருந்தன. பகல் முழுக்க அங்கே நடப்பது வேறு தொழில். துக்க அறிவிப்பு, கும்பாபிஷேக அழைப்பு, துணிக்கடைத் தள்ளுபடி, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் பிரச்சாரம் என ஆட்டோவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்கு வேண்டிய எல்லாமும் இங்கே பேசிப் பதிந்து பென் டிரைவில் ஏறுகின்றன. சாப்பாடு அதில்தான். ராத்திரி கடையைப் பாதி இறக்கிவிட்டுக் கூத்துக் கேசட்டை எடுக்கிறார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் போட வேண்டாம் என்றார். எண்பதுகளில் விழுப்புரத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் எடுபிடியாகச் சேர்ந்தவர். வாடிக்கையாளர் நோட்டுத் தாளில் எழுதிக் கொடுக்கும் பாட்டு வரிசையைப் பார்த்து வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவது வேலை. பிறகு சிடி வந்தது. பிறகு ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு அடங்கும் எம்பி3 வந்தது. பிறகு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் காலம். அதுவும் போனது. ஒவ்வொன்றும் வந்தபோது சம்பாதித்ததையும் போனபோது கடையைச் சுருக்கியதையும் வரிசையாகச் சொன்னார். குரலில் வருத்தம் தெரியவில்லை. முகவீணை பற்றிப் பேசியபோதுதான் குரல் மாறியது.

அவருடைய தாய்மாமன் ஒரு கூத்து ஜமாவில் முகவீணை வாசித்தவர். சிறுவனாக இருந்தபோது மாமனுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார். நாகசுரத்தின் குட்டித் தம்பி போன்ற அந்தக் குழல் ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் தாண்டி ஊர் எல்லை வரை கேட்கும். இன்று பல ஜமாக்களில் அதை வாசிக்க ஆள் இல்லை. ஆர்மோனியமே போதும் என்று ஆகிவிட்டது. "முகவீணை சத்தம் வேணும்னா இனிமே கேசட்டுலதான் சார் தேடணும்" என்றார். கேசட்டில் தேடுவது எப்படி என்று காட்டத் தொடங்கினார்.

இரண்டு டெக்குகள் இருந்தன. ஒன்றுக்கு முன்மூடி இல்லை. அதன் ஹெட்டை ஒட்டி ஒரு குட்டித் திருகு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது பெரும்பாலும் அந்தத் திருகைப் பற்றித்தான். டேப் ஓடும் திசைக்கு ஹெட்டின் இடைவெளி நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். ஊரில் இருந்த ரிக்கார்டர்களில் அது சற்றுச் சாய்ந்தே இருந்தது. சாய்ந்த ஹெட்டில் பதிந்த கேசட்டை நேரான ஹெட்டில் போட்டால் பேச்சு கேட்கும், மிருதங்கம் கேட்கும். மேல் ஒலிகள் மட்டும் செத்துப்போகும். ஜால்ரா மங்கும், சலங்கை மங்கும், முகவீணை போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகும். எந்த ரிக்கார்டர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது அந்தக் கேசட்டுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அதனால் ஒவ்வொரு கேசட்டுக்கும் இவர் ஹெட்டைச் சாய்க்கிறார். இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்து ஹெட்ஃபோனில் கேட்டபடி, நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்னத் திருப்புளியால் திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்துகிறார். எனக்கும் ஒரு ஹெட்ஃபோன் கொடுத்தார். மங்கலாக ஓடிக்கொண்டிருந்த கட்டியக்காரன் பாட்டில், ஒரு திருப்பத்தில், சட்டென்று ஜால்ராவின் விளிம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார், மறுபடி மங்கியது. பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். முகவீணை நின்று வாசித்தது.

இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு எந்த மென்பொருளாலும் செய்ய முடியாது. டேப்பிலிருந்து எழும்பாத ஒலி ஃபைலுக்குள் போகவே இல்லை, இல்லாததைத் தூக்கிக் காட்ட வழியில்லை. பழைய கேசட்டை டிஜிட்டலாக்கித் தருகிறோம் என்று நகரங்களில் கூலி வாங்குகிற எத்தனை பேர் இந்தத் திருகைத் தொடுகிறார்கள்?

அடுத்தது வேகம். கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பேட்டரியில் ஓடிய ரிக்கார்டர் இரவு ஏற ஏறச் சோர்ந்துபோகும். மெதுவாக ஓடிய டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் மேலே ஏறிவிடும். முதல் கேசட்டில் நாற்பது வயது ஆளாக இருந்த துரியோதனன் ஆறாவது கேசட்டில் பையனாகிவிடுகிறான். இதற்கு இவர் வைத்திருக்கும் அளவுகோல் ஆர்மோனியத்தின் சுருதி. "இந்த ஜமா நாலரைக் கட்டையில பாடறவங்க. வாத்தியார் ஒரு நாளும் ஏத்தவும் மாட்டார் இறக்கவும் மாட்டார். ராத்திரி மூணு மணிக்கு அஞ்சுக் கட்டையில கேக்குதுன்னா ஆர்மோனியம் மாறல, பேட்டரி இறங்கியிருக்கு." நாலரைக்கும் ஐந்துக்கும் இடையே வேகத்தில் கிட்டத்தட்ட ஆறு சதவீத வித்தியாசம். மேசையில் இருக்கும் பழைய ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்திப் பிடித்து, ஃபைலில் ஓடுவதோடு ஒத்துப்பார்த்து, பகுதி பகுதியாக வேகத்தைக் குறைக்கிறார். சுருதியை மட்டும் மாற்றும் வசதியும் மென்பொருளில் இருக்கிறது. அதை அவர் தொடுவதில்லை. சுருதியும் தாளமும் சேர்ந்து பிசகின, சேர்த்தே திருத்த வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்த வேலையை முதலில் கூல் எடிட் என்ற மென்பொருளில் பழகியிருக்கிறார். 2003இல் அதை அடோபி வாங்கி ஆடிஷன் ஆக்கிய பிறகு, காசில்லாமல் கிடைக்கும் ஆடாசிட்டிக்கு மாறிவிட்டார். இரைச்சல் நீக்குவது பற்றி அவர் விரிவாகச் சொன்னதில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பிடிபட்ட பாதி இது: டேப்பின் 'ஸ்ஸ்' ஒலியும் சலங்கையும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை முழுதாகத் துடைத்தால் மற்றதும் போய்விடும். அதனால் பெரும்பாலும் இரைச்சலை விட்டுவைக்கிறார்.

ஃபைல் வகையில்தான் அவர் மிகக் கண்டிப்பு. டெக்கிலிருந்து வருவது வேவ் ஃபைலாகத்தான் இறங்க வேண்டும். சிடி தரத்தில் அது மணிக்கு 635 எம்பி பிடிக்கும். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 58 எம்பிக்குள் அடங்கிவிடும். அந்த மிச்சம் இலவசமாக வருவதில்லை. பலத்த ஒலிக்குப் பக்கத்தில் மெல்லிய ஒலி காதில் விழாது என்ற கணக்கை வைத்து, விழாது என்று அது நினைப்பதை எம்பி3 தூக்கி எறிகிறது. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வாளர்களின் அந்தக் கணக்கு அபாரமானது, மறுக்கவில்லை. ஆனால் எடிட் செய்து எம்பி3யாகச் சேமித்து, மறுபடி திறந்து வெட்டி மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் எறிந்தது போக மீதியிலிருந்து எறிகிறது. முதலில் அடிபடுவது ஜால்ரா. அது சுமார் 26 மில்லிவிநாடித் துண்டுகளாக ஒலியை நறுக்குவதால், ஜால்ரா விழுவதற்கு முன்பே ஒரு கலங்கல் கேட்கிறது. தாளத்தின் கூர்மை போய்விடுகிறது. "வேலை முடியற வரைக்கும் வேவ். எல்லாம் முடிஞ்சு கடைசியா ஒரே ஒரு தடவை எம்பி3." கோயில் ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் பென் டிரைவ் பிளேயர் எம்பி3யை மட்டும்தான் பாடும். ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கட்டம் கட்டமாகக் காட்டும். அதனால் அந்த ஒரு தடவையைத் தவிர்க்க முடியாது.

எதிர்ப்பக்கக் கஷ்டமும் உண்டு. நாங்கள் இருந்தபோதே மயிலம் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய பட்டன் போனோடு வந்தார். இறந்துபோன அப்பா பாடியது, ஏஎம்ஆர் ஃபைல். பேச்சுக்காக மட்டும் செய்த வகை அது. விநாடிக்கு எட்டாயிரம் மாதிரிகள், நான்காயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமே இருக்காது. "இதைப் பெரிய ஃபைலா மாத்திக் குடுங்கண்ணா, தெளிவா கேக்கும்னாங்க" என்றார். பெரிய ஃபைலாக மாற்றலாம், ஒரு சொட்டும் தெளியாது என்று இவர் பொறுமையாக எடுத்துச் சொல்லி, காசு வாங்காமல் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தனுப்பினார்.

அன்று மாலை விழுப்புரம் போனோம். அங்கே இவரிடம் தொழில் பழகிய இளைஞர் ஒருவர் இப்போது நடக்கும் கூத்துகளை நேரடியாகப் பதிகிறார். மைக்செட் மிக்ஸரிலிருந்து ஒயர் இழுத்து லேப்டாப்பில் நேராக இறக்குவது வழக்கம். பதினெட்டாம் போர் பதியப்போன இடத்தில் நடந்ததை அவர் சொன்னார். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய கூத்து விடிந்து, படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி பீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் ஓடி, திரௌபதி கூந்தல் முடித்து முடியும்போது காலை எட்டு. பத்து மணி நேரம். ஃபைலைத் திறந்தால் மூன்றே கால் மணி நேரம்தான் காட்டியது. போரும் இல்லை, படுகளமும் இல்லை.

திண்டிவனத்துக்குப் போன் போட்டிருக்கிறார். இவர் கேட்டது ஒரே கேள்வி: "ஃபைல் எத்தனை ஜிபி காட்டுது?" ஆறு ஜிபி கிட்ட. "அப்ப சத்தம் உள்ளதான் இருக்கு, ஒண்ணும் பண்ணாம வை." மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991இல் வேவ் வகையை வகுத்தபோது, ஃபைலின் நீளத்தைக் குறிக்க முகப்பில் 32 பிட் இடம்தான் ஒதுக்கினார்கள். அதில் நான்கு ஜிபி வரைதான் எழுத முடியும். சிடி தரத்தில் அது ஆறே முக்கால் மணி நேரம். அதைத் தாண்டினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். பத்து மணிக்கு ஆரம்பித்த கூத்து நாலே முக்காலுக்கு எல்லையைத் தாண்டியிருக்கிறது, முகப்பு பொய் சொல்லியிருக்கிறது. இவர் போய், முகப்பை நம்பாமல் ஃபைலை வெறும் தரவாகத் திறந்தார். 16 பிட், இரண்டு சேனல், 44,100 மாதிரி, முதல் 44 பைட்டைத் தள்ளு. ஒரு பைட் பிசகினாலும் முழுக்க இரைச்சலாக வரும். சரியாக விழுந்தது. படுகளம் முழுசாக இருந்தது. அந்த எல்லையைக் கடக்க ஆர்எஃப்64 என்ற வகை வந்து ஆண்டுகள் ஆகின்றன. இளைஞர் இப்போது மணிக்கு ஒரு ஃபைலாகத் தானே வெட்டிக்கொள்ளும்படி வைத்துவிட்டார்.

இத்தனை கவனமாகக் காப்பாற்றியது எங்கே போகிறது? கூத்து வீடியோ போடும் சேனல்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர்களிடம் போகிறது. ஊர் கொடுக்கும் பணத்தைப் பதினைந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ஜமாவுக்கு, திருவிழா இல்லாத மாதங்களில் கையில் ஒன்றும் இருக்காது. அந்த நேரம் பார்த்து வருகிறார்கள். ஒரு தொகையை வாத்தியார் கையில் திணித்து முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காலத்துக்கும் உரிமை எங்களுடையது என்கிறார்கள். துகில் உரியப்படும்போது திரௌபதி அழுகிற இடத்தில், அவள் குரல் மேலேயே தங்கள் சேனல் பெயரைச் சொல்லும் குரலை ஒட்டுகிறார்கள். திருட்டுப் போகாமல் இருக்கவாம். திருடியது யார்? 2012இல் திருத்திய காப்புரிமைச் சட்டம் 38அ பிரிவில், நிகழ்த்துகலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் பதிவு மீது உரிமை உண்டு, வணிகமாகப் பயன்படுத்தினால் பங்குத்தொகை உண்டு என்று சொல்கிறது. அந்த உரிமை ஐம்பது ஆண்டு நிற்கும். ஜமாவில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்த தரகர் சொல்லமாட்டார். பண்பாட்டுத் துறையும் பல்கலைக்கழகங்களும் கூத்துக்குக் கருத்தரங்கு நடத்துகின்றன. கையெழுத்துப் போடும் முன் ஒரு வாத்தியாருக்கு அந்தத் தாளைப் படித்துக்காட்ட ஒருவரை அனுப்பியிருந்தால் அது கருத்தரங்கை விடப் பெரிய காரியமாக இருந்திருக்கும். எனக்கு இதில் கோபம் தணியவில்லை.

திண்டிவனத்துக்காரர் தன் அளவில் ஒரு வழி செய்கிறார். எந்த ஜமாவின் கேசட்டானாலும் முடித்த வேவ் ஃபைலை ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வாத்தியார் கையில் கொடுத்துவிடுகிறார். தரகருக்குக் கொடுக்க எம்பி3 போதும், தாய் ஃபைலை விடாதே என்கிறார். தன்னிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறார். நாடகப் பெயர், ஊர், ஆண்டு, வேடம் கட்டியவர், கட்டை எல்லாம் ஒரு நீள நோட்டில் கையால் எழுதியிருக்கிறார். கர்ண மோட்சம் பல ஜமாவுடையது இருக்கிறது. மாமன் வாசித்த அர்ச்சுனன் தபசில் மட்டும் மூன்றாவது கேசட்டைக் காணோம்.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் மரக்காணம் பக்கத்திலிருந்து போன் வந்தது. அந்தக் கேசட் ஒன்று தங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, டேப்ரிக்கார்டரில் ஓடவிட்டுச் செல்போனில் பிடித்து அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். இவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"ஐயையோ, ஓட விடாதீங்கம்மா. பூசணம் இருந்தா டேப் அறுந்துடும். வாட்ஸப்பெல்லாம் வேணாம். கேசட்டை அப்படியே வைங்க, நாளைக்குக் காலையில நானே வந்து வாங்கிக்கிறேன்."